பூங்கனி டீச்சர் வரவில்லை

மயிலாடிக்குப் பக்கத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பூங்கனியின் பிளானரைப் பார்த்துச் சிரிக்காத ஆசிரியர் ஒருவரும் இல்லை. "டீச்சரோட ஜாதகக் கட்டு" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். சிரித்த அதே வாய்கள் மறுநாள் அவள் மேசைக்கு வந்து, "டீச்சர், நாளைக்கு எனக்கு மூணாவது பீரியட் எந்த கிளாஸு?" என்று கேட்கும், அது வேறு கதை.

கடையில் கிடைக்கிற பிளானர் இல்லை அது. நாகர்கோவில் அச்சகக்காரன் ஒருவனின் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு வாரம் உட்கார்ந்து, அவன் உயிரை வாங்கி, தனக்கென்று அச்சடித்தது. நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு எட்டு பீரியட். ஓரத்தில் 'யார் வரவில்லை? ஏன்?' என்று ஒரு பத்தி, அடியில் 'இன்று யாரைப் பாராட்ட வேண்டும்?' என்று ஒரு வரி. பின்னட்டைக்குள் ரெக்சின் பை. முன்னால் சொந்த விவரங்களுக்கு அச்சகக்காரன் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தான். எதற்கு வீண் பக்கம் என்று அதை வெட்டி, பெயர், பள்ளி, பள்ளியின் தொலைபேசி எண் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள் மகராசி.

உள்ளூர் விடுமுறை வருகிற பக்கங்களில் மட்டும் சிவப்பில் ஒரு வரி இருக்கும்: 'நமக்குத்தான் லீவு. மெட்ராசுக்கு இல்லை.'

அதைப் பார்த்து மட்டும் பூங்கனிக்குச் சிரிப்பு வராது. குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறைக்குப் பஞ்சமா? சுசீந்திரம் தேருக்கு லீவு, மண்டைக்காடு கொடைக்கு லீவு, டிசம்பர் மூன்றாம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு லீவு. போன வருடம் அந்த டிசம்பர் மூன்றுதான் சென்னையில் நடக்கும் கணித முகாமுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள். பள்ளிக்கு ஒரு பிள்ளை, பத்து நாள் முகாம். லீவுதானே, கடைசி நாள் மறுநாளுக்குத் தள்ளிப் போகும் என்று பூங்கனி நினைத்தாள். ஆசிரியர் அறையே அப்படித்தான் நினைத்தது. மறுநாள் காலையில் இணையதளம் மூடிக்கிடந்தது. மாநிலம் முழுக்க வேலை செய்த நாளில் நம் மாவட்டம் மட்டும் திருவிழா பார்த்துக்கொண்டிருந்தது!

"செரி டீச்சர்" என்றான், முகாமுக்குப் போகவிருந்த அபினேஷ். வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரன். அந்த வாரத்திலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போனவன், அப்புறம் கையைத் தூக்கவே இல்லை. பிளானர் அச்சடித்தது அதற்குப் பிறகுதான். இனி போனில் குறிப்பது இல்லை, உள்ளங்கையில் எழுதுவது இல்லை, எல்லாம் தாளில்தான் என்று கணவன் ஆன்ட்ரூஸிடம் சத்தியமே செய்தாள்.

இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு ஜினிஷாவின் முறை. மறுபடியும் அதே டிசம்பர் மூன்று, மாலை ஐந்து மணி. தலைமை ஆசிரியர் முந்தின நாளே படிவத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப யோசித்துக்கொண்டே இருந்த ஜினிஷாவின் அம்மா, அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் மனமிறங்கிக் கையெழுத்துப் போட்டாள். பூங்கனிக்குத் தரையில் கால் பாவவில்லை. படிவத்தை ரெக்சின் பைக்குள் வைத்தாள், நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினாள். நாள் முழுக்கப் பக்கத்தில் எழுதியிருந்தது: பதினொன்று, கண்ணாடிக் கடை. பன்னிரண்டரை, செட்டிகுளம் தையல்கடை. நான்கு, வடசேரி நெட் சென்டர், ஜினிஷா அம்மாவுடன் போன் கொண்டு வருவாள். ஐந்து, மூடல். 'மூடல்' என்பதற்கு அடியில் மூன்று கோடு.

கோட்டாற்றில் திருவிழாக் கூட்டம். பஸ் அரை மணி நேரம் அசையவில்லை. தூறல் வேறு. பொறுமை போய், குடையை எடுப்பதற்காகப் பிளானரை ஸீட்டில் வைத்தாள். குடையை விரித்துக்கொண்டு இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். மணிமேடை வந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது; பிளானரும் அதற்குள் இருந்த படிவமும் ஸீட்டிலேயே.

"அய்யோ! என் பிள்ளைக்க பாரம்!"

திரும்பி ஓடினாள். பஸ் வேறு பாதையில் போயிருந்தது. மீனாட்சிபுரம் பஸ் நிலையத்துக்கு ஓடினாள். அந்த வண்டி ஆளை இறக்கிவிட்டு மறுபடி கிளம்பிவிட்டதாம். நேரக்காப்பாளர் கண்டக்டரை அழைத்துக் கேட்டார். ஸீட்டில் ஒன்றும் இல்லை. வேறு படிவத்தில் முத்திரை வாங்கலாம் என்று தலைமை ஆசிரியரை அழைத்தாள். அவர் குடும்பத்தோடு பேச்சிப்பாறை அணையில் நின்றார். முத்திரை பள்ளி அலமாரியில், சாவி அவர் இடுப்பில். "வந்த வேனு சாயங்காலம்தான் திரும்பும், நான் வரதுக்கு ஆறு மணி ஆயிருமே டீச்சர்" என்றார் பாவம்.

கடைசியில் ஆன்ட்ரூஸ்.

"பாரத்தைப் போன்ல போட்டோ எடுத்தியா?"

"இல்ல."

"ஏட்டி, ஒரு போட்டோ எடுத்தா என்ன குறைஞ்சா போவே?"

"எல்லாம் தாள்லதான்னு சத்தியம் பண்ணினேம்லா!" என்று அழுதுவிட்டாள். அடுத்த வார்த்தைக்குள் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது.

அடுத்து வந்த இரண்டு மயிலாடி வண்டிகளிலும் ஏறி ஸீட்டுக்கு அடியில் தேடினாள். சோறு இறங்கவில்லை. மணி மூன்றே முக்கால். நெட் சென்டருக்குப் போகவேண்டும். போய், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு 'செரி டீச்சர்' கேட்கத் தெம்பு இருக்கிறதா? போகாமலே வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டு வடசேரிக்கு நடந்தாள்.

நெட் சென்டர் கதவைத் தள்ளியபோது மணி நான்கு இருபது. பெஞ்சில் ஜினிஷா, அவள் அம்மா, நடுவில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும், பக்கத்தில் ஹெல்மெட். மடியில் பிளானர்!

"நீங்களாக்கும் பூங்கனி டீச்சர்?" என்றாள் அந்தப் பெண்மணி. "நாலு மணின்னு எழுதிப் போட்டு நாலு இருவதுக்கா வாறது? பிள்ளைகளை இப்பிடித்தான் வெயிட் பண்ண வைப்பியளோ?"

பூங்கனி அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அழுவதெல்லாம் பொறவு. மொதல்ல இந்தப் பாரத்தை ஏத்துங்க" என்றாள் அவள்.

ஏற்றினார்கள். அந்த அவசரத்திலா இணையம் சுற்றிச் சுற்றி நிற்கவேண்டும்! நான்கு முப்பத்தைந்து. ஜினிஷாவின் அம்மா போனில் ஓடிபி வந்தது. ஜினிஷா ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தாள். நான்கு நாற்பத்தேழுக்குத் திரையில் பச்சை எழுத்து: 'பதிவு முடிந்தது.' ஜினிஷா குதித்த குதியில் பெஞ்சு சாய்ந்தது. "டீச்சர், நான் மெட்ராஸ் போறேன்!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

பிறகுதான் கதை வந்தது. பெண்மணியின் பெயர் ராஜபாய், காப்பீட்டு முகவர். பஸ்ஸில் பூங்கனிக்குப் பின் ஸீட்டில் இருந்திருக்கிறாள்; பிளானரைக் கண்டு கூப்பிடுவதற்குள் பூங்கனி கூட்டத்தில் மறைந்துவிட்டாளாம்.

"ஸ்கூல் நம்பருக்கு விளிச்சு விளிச்சுப் பாத்தேன். லீவன்னைக்கு யாரு எடுப்பா? பொறவு உள்ளே பாத்தா, நீங்க எத்தனை மணிக்கு எங்க நிப்பியன்னு புட்டுப் புட்டு வெச்சிருக்கு. ஆளைத் தேடிப் பிடிக்கிறதுதானே எனக்குத் தொழிலு! வீட்டுக்குப் போய் ஸ்கூட்டரை எடுத்தேன். பதினோரு மணிக்குக் கண்ணாடிக் கடையில நின்னேன். உங்களைக் காணல. பன்னெண்டரைக்குத் தையல்கடை. அங்கயும் காணல. உங்க நம்பரைக் கடைக்காரிதான் தந்தா, விளிச்சா சுவிட்ச் ஆஃப். என்னவோ, இவ்வளவு நல்லா எழுதி வெச்சவ நாலு மணிக்காவது வருவான்னு இங்க வந்து இருந்துட்டேன்."

"நான் பஸ்ஸு பின்னால ஓடிக்கிட்டு இருந்தேன்" என்றாள் பூங்கனி. சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. பதினோரு மணிக்குக் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தாலே போதுமே! எங்கே போகவேண்டும் என்பது மனப்பாடமாகத் தெரியும். தெரிந்தும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆன்ட்ரூஸிடம் முழுக் கதையையும் இரண்டு தடவை சொன்னாள். "அந்த அம்மாவை எங்க ஆபீசுக்கு வரச் சொல்லு, பாதிப் பேரு வேலை நேரத்துல எங்க இருக்கான்னே தெரியல்ல" என்று அவன் சிரித்தான். பூங்கனி அன்றைய பக்கத்தைத் திறந்தாள். 'யார் வரவில்லை? ஏன்?' என்ற பத்தியில் அறிமுகமில்லாத உருண்டைக் கையெழுத்து:

'11.00. பூங்கனி டீச்சர் வரவில்லை.
12.30. பூங்கனி டீச்சர் வரவில்லை.
ஏன் என்று கேட்கவேண்டும்.'

விழுந்து விழுந்து சிரித்தாள். அடி வரியில், 'இன்று யாரைப் பாராட்ட வேண்டும்?' என்பதற்கு நேரே ராஜபாய் என்று பெரிதாக எழுதினாள். மறுநாள் பக்கத்தைத் திருப்பி, முதல் பீரியடுக்கு முன்னால் இருந்த சின்ன இடத்தில், 'அபினேஷ்: கடைசி பெஞ்சிலிருந்து கூப்பிட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று குறித்தாள். ஒரு வருடமாக எந்தப் பக்கத்திலும் எழுதாமல் தள்ளிப்போட்ட வேலை அது.

பிறகு ராஜபாயின் கேள்விக்கு வந்தாள். 'ஏன்?' என்பதற்குப் பக்கத்தில், மாணவி எழுதுவதுபோல் அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள்:

'பயந்துவிட்டேன். நான் எழுதியதை நானே நம்பவில்லை.'