சின்னுசாமி ஊட்டு மயில்கொன்னை

மிளகுக் கொடி ஏத்தற நிழல் மரத்தைக் கழிக்கறதுதான் எம்பட பொழப்பு. மழைக்கு முன்னாடி மரமேறி, உள்ள கொஞ்சம் வெளிச்சம் உழுகற மாதிரி கிளையைக் கழிச்சு உடணும். வாசலூர்பட்டியில எல்லாரும் சில்வர் ஓக் வெச்சிருக்க, சின்னுசாமியண்ணன் மட்டும் ஊட்டோரம் ஒரு மயில்கொன்னையை வெச்சுக்கிட்டு என் உசுரை வாங்குவாரு.

அது அழகுக்கு வெக்கற மரமுங்க. குடையாட்டம் விரியும், மே மாசத்துல செக்கச்செவேல்னு பூக்கும், பஸ் ரோட்டுலிருந்தே தெரியும். ஆனா வெயில் கொளுத்தறப்பத்தான் இலையைக் கொட்டிப்போட்டு மொட்டையா நிக்கும். வேரு மேலாக்க ஓடித் தண்ணியெல்லாம் குடிச்சிரும். காத்தடிச்சா கிளை படார்னு முறியும். அதுக்கடியில வெச்ச மிளகுல பாதி செத்தே போச்சு. வெட்டிப்போடலாமுங்கண்ணான்னு வருசா வருசம் சொல்லுவேன். மனுசன் காதுலயே போட்டுக்க மாட்டாரு.

அவருக்குச் சம்சாரம் இல்லை. ஒரே மக அருணா. பள்ளிக்கூடத்துல குடுத்த இந்த மரத்துக் கன்னைக் கொண்டாந்து நட்டவளே அவதான். பதினோரு வருசத்துக்கு முன்னாடி காளப்பநாயக்கன்பட்டிப் பையனோட போயிட்டா. இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதேன்னு இவரு கத்துனது எங்க ஊடு வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கப்பறம் ஆளும் இல்லை, போனும் இல்லை.

போன சித்திரையில ஒரு கிளை முறிஞ்சு அவரு கட்டிலுக்குப் பக்கத்துலயே உழுந்துச்சு. எனக்கு வந்துச்சே கோவம்! அவரு சந்தைக்குப் போன நேரம் பாத்து ஏறி, ஒரு கிளை உடாம கழிச்சுப்போட்டேன். மொட்டு கட்டியிருந்துச்சு. அதையும் நான் யோசிக்கலை.

வந்ததும் திட்டுவாருன்னு காத்திருந்தேன். திட்டலை. கீழ கிடந்த கொப்பு மேலயே உக்காந்துட்டாரு.

"அவ போறப்ப இது கூரை ஊடு, காளியண்ணா. இப்ப வரிசையா எல்லாமே ஒரே மாதிரி காங்கிரீட்டுத் தார்சு ஊடு. எது நம்முளுதுன்னு அவளுக்கு எப்புடித் தெரியும்?"

"ஏனுங்கண்ணா, கேட்டா நாங்க சொல்ல மாட்டமா?"

"கேக்க வெக்கப்படுவா சாமி. பூவைப் பாத்தா யாரையும் கேக்காம நேரா வந்துருவா."



மரம் தழைஞ்சிருச்சு. ஆனா இந்த மே மாசம் ஒரு பூக்கூட இல்லை. சின்னுசாமியண்ணன் தினமும் சாயங்கால பஸ்ஸுக்குப் போயி நிக்கறாரு. எல்லாரும் எறங்குன பின்னாடியும், பஸ்ஸு திரும்பிப் போற வரைக்கும் நிக்கறாரு. நான் வெட்டிப்போட்ட மரத்தோட வேலையை இப்ப அவரு பாக்கறாரு. அந்நேரத்துக்கு நான் ஸ்டாப்புப் பக்கம் போறதே இல்லீங்க.