கோட்டோடு நின்ற பலகை

அண்ணனும் தம்பியும் ஒரே பழைய வீட்டை நடுவில் கோடு கிழித்துப் பங்கு போட்டபோது, வெயில் விழும் பாதி அண்ணனுக்குப் போனது. வாடைக்காற்று அறையும் பாதி தம்பிக்கு. மூத்தவன் என்பதைத் தவிர வேறு நியாயம் எதையும் யாரும் சொல்லவில்லை. அந்த வாடைப் பாதியில் உட்கார்ந்துதான் தம்பி மனைவி ஊருக்குத் துணி தைத்தாள். குளிர்காலத்தில் விரல் மரத்துப்போகும். ஊசியில் நூல் கோப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இந்த லட்சணத்தில் அண்ணன் வீட்டு வெளிச்சுவரில் குளிர் தடுக்கும் வெள்ளைப் பலகை ஏறியது. உள்ளே அண்ணன் மனைவி, அவள் ஓரகத்தி, மெல்லிய சட்டையோடு உலாத்துவதை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்துத் தையல்காரிக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு எரிந்தும் விரலுக்கு ஒரு சூடும் வரவில்லை என்பதுதான் கொடுமை.

பலகை ஒட்டிய அன்றே மேஸ்திரி, "கோட்டைக் கொஞ்சம் தாண்டிப் போனாத்தாம்மா நல்லது" என்று இழுத்தார்.

"கோட்டோட நிறுத்துங்க. ஒரு விரல்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது" என்றாள் ஓரகத்தி. "நம்ம செலவுல அவ சொகுசா இருக்கவா?"

அடுத்த குளிரில் ஓரகத்தியின் படுக்கையறையில், கோடு போகிற அதே மூலையில், கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. துடைத்தாலும் திரும்பி வந்தது.

"எல்லாம் அவ கண்ணு. அப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா செவுரு கறுக்காம என்ன செய்யும்?" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள்.

பார்வைக்குச் சுவரைக் கறுக்க வைக்கும் சக்தி இருந்தால், பங்கு மறுக்கப்பட்டவர்கள் பார்த்த பார்வையில் எத்தனை மாளிகைகள் இந்நேரம் கரியாகியிருக்கும். தையல்காரிக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தக் கறுப்பைக் கேள்விப்பட்ட அன்று அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

மேஸ்திரி மறுபடி வந்தார். இரண்டு பெண்களும் வாசலில் நிற்க, ஓரகத்தியைப் பார்த்துச் சொன்னார்.

"கண்ணுமில்ல ஒண்ணுமில்ல. இவங்க செவுரு மொட்டையா நிக்குது. அது வழியா குளிரு உங்க மூலைக்கு வருது. அறையில இருக்கிற ஈரம் அங்க போய்ப் படியுது. பலகை கோட்டைத் தாண்டி ரெண்டு முழமாவது போயாகணும்."

"ரெண்டு முழந்தானேடி, ஒட்டிக்கட்டும்" என்றாள் ஓரகத்தி. குரலில் தேன் வடிந்தது.

"ரெண்டு முழமெல்லாம் கிடையாதுக்கா. ஒட்டினா முழுச் செவுருக்கும் ஒட்டணும், பாதிச் செலவு உங்களோடது. இல்லன்னா என் செவுத்துல ஒரு ஆணிகூட இறங்காது."

ஓரகத்தி கறுத்த மூலையை நினைத்தாள். சரியென்று தலையை ஆட்டினாள்.

"எந்தப் பலகை?" என்றார் மேஸ்திரி. "அவங்க போட்ட வெள்ளையா, பாறையை உருக்கி இழையாக்கின பஞ்சுப் பலகையா? உங்க பக்கம் வெயிலே இல்ல. பழைய செங்கல் ஈரம் குடிச்சுக் கிடக்கு. பஞ்சுன்னா அந்த ஈரம் வெளிய போக வழி இருக்கும்."

அதே வெள்ளைதான் வேண்டும் என்ற வார்த்தை தையல்காரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு குளிர்காலம் முழுக்க அவள் கனவில் வந்தது அந்த வெள்ளைதான். அதை விழுங்கினாள்.

"பஞ்சே போடுங்க. அவங்களோடதைவிட ஒரு விரல் கனமா."

"எதுக்குடி அவ்வளவு கனம்?"

"வாடைப் பக்கம் இல்லையாக்கா?" என்றாள் தையல்காரி. "பங்கு போட்டது நீங்கதானே."