செந்தமிழ்ச்செல்வியின் தெலுங்கு

செந்தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்துவிட்டு, தெலுங்கில் திட்டித் திட்டியே வளர்த்த குடும்பம் அது. அவள் அப்பா ராமசாமிக்குக் கட்சி மேடை என்றால் உயிர். மேடைத் தமிழில் மயங்கி மகளுக்கு அந்தப் பெயரை வைத்தார். ஆனால் சோறு கேட்டாலும் சண்டை போட்டாலும் வீட்டுக்குள் தெலுங்குதான். எங்கள் கச்சிராயபாளையத்தில் இதெல்லாம் அதிசயமில்லை. கறிக்கடைக்குப் போனால் உருது, மேலத்தெருவில் தெலுங்கு, மலையிலிருந்து பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு ஒரு தனித் தமிழ். பள்ளிக்கூடத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே அ, ஆ.

என் பெயர் பொன்னுரங்கம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் உரக்கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை செல்வியுடையது. ஜெராக்ஸ் எடுப்பாள், மனு எழுதுவாள், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவாள். வயது நாற்பத்திரண்டு. புருஷன் லாரி விபத்தில் போனபிறகு யாரிடமும் கையேந்தாமல், அந்த ஒரு மிஷினை வைத்துக்கொண்டு மகள் எழில்மதியை நர்சிங் படிக்க வைத்தவள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பிறந்த தேதியை மாற்றிச் சொல்கிறவன் கிழவனே ஆனாலும் நிற்கவைத்துக் கேட்பாள்.

அவளுக்கு இந்த வேலையை இழுத்துவிட்டவன் நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மலையிலிருந்து வந்த ஒரு பெண் என் கடை வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதாள். வாங்கிக் கேட்டேன். யாரோ தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. "செல்வி, உங்க வூட்டு பாஷைம்மா, வந்து கேளு" என்று கூப்பிட்டேன். வந்து பேசினாள். அந்தப் பெண்ணின் புருஷனை ஆந்திராவில் செம்மரம் வெட்டினான் என்று பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மலையில் மழை பொய்த்தால் சாமை வராது. சாமை வராத வருஷம் மேஸ்திரி வருவான். மிளகு பறிக்கிற வேலை, கேரளா என்பான். வேன் கிளம்பும், ஆனால் வடக்கே போகும். போனவர்களில் பாதிப் பேர் ஜெயிலில் கிடந்தார்கள். வெட்டச் சொன்னவன் ஒருவனும் அங்கே இல்லை. 

அன்றிலிருந்து மலைப் பெண்கள் செல்வியைத் தேடி இறங்க ஆரம்பித்தார்கள். 'தெலுங்கு அக்கா' என்றால் வெள்ளிமலை வரைக்கும் தெரியும். போனிலேயே ஜெயில் வார்டனிடம் கெஞ்சுவாள், வக்கீலிடம் சண்டை போடுவாள். காசு கொடுத்தால் வாங்கமாட்டாள். பலாப்பழமோ தேனோ கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வாள். நானும் என் பங்குக்கு, யார் வந்து நின்றாலும், "பக்கத்து கடைக்குப் போங்க, அது தெலுங்குல புலி" என்று அனுப்புவேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

செல்விக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. எங்கள் பக்கத்தில் தெலுங்கு வீட்டுக்காரர்கள் யாருக்குமே தெரியாது, பேசுவதோடு சரி. இது எனக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஒரு நாளும் அவளை நான் கேட்டதில்லை. கோர்ட் தாள் வந்தால் அவள் செய்வது ஒன்றுதான்: போட்டோ எடுத்து ஆந்திர வக்கீலின் குமாஸ்தாவுக்கு அனுப்புவாள். அவன் போனில் படிப்பான். காதால் கேட்டு, தமிழில் சொல்லிவிடுவாள். எதிரில் நிற்கிறவர்களுக்கு அவளே படித்த மாதிரிதான் இருக்கும்.

போன நவம்பர் கடைசியில் ஆயம்மாள் வந்தாள். மலைக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. புருஷன் சின்னக்கண்ணு ஏழு மாதமாக உள்ளே. இருமல், இரவெல்லாம் இருமுகிறேன், சளியில் ரத்தம் வருகிறது என்று வாராவாரம் ஜெயிலிலிருந்து வருகிற போனில் சொல்லியிருக்கிறான். வெளியே வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம், அது ஒன்றுதான் அவள் நினைப்பு. தபாலில் வந்த தாளைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

"இன்னாக்கா போட்டுருக்குது? அவர வுட்டுருவாங்களா?"

செல்வி போட்டோ அனுப்பினாள். போன் போட்டாள். குமாஸ்தா எடுக்கவில்லை. அவன் பெண்ணுக்கு அன்றைக்குக் கல்யாணமாம், அந்தப் போட்டோவையும் அவன் பார்க்கவேயில்லையாம், பிறகு தெரிந்தது. நாலு தடவை அடித்தாள். எதிரில் மலை பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதை விட்டால் ஆயம்மாளுக்கு வேறு பஸ் இல்லை; குழந்தைகளைத் தனியே விட்டுவந்திருந்தாள்.

"சீக்கிரம் சொல்லுக்கா, வண்டி போய்டும்."

தாளில் செல்விக்குப் புரிந்தவை எண்கள் மட்டும்தான். நடுவில் ஒரு 12, கீழே ஒரு 27, இரண்டுக்கும் டிசம்பர் மாதம். இதற்கு முன்னால் வந்த தாள்களில் எல்லாம் கீழே இருக்கும் தேதிதான் வாய்தா. ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வக்கீல் முன்பே போனில் சொல்லியிருந்தார்.

"இருபத்தேழாந் தேதி. ஜாமீனுக்கு ரெண்டு பேரு வேணும், பட்டா இருக்கறவங்களா பாரு. மொத நாளே கீழ வந்துடு, கூட்டினு போறேன்."

ஆயம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் குமாஸ்தாவைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பிறகு கேட்டேன். "பரீச்சை அப்ளிகேஷனுக்குக் கடைசி நாளுண்ணா, கடையில கூட்டம். எத்தினி தாளு பாத்துருக்கேன், இது தெரியாதான்னு நெனச்சிட்டேன்" என்றாள். அந்தத் தெனாவட்டு அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. ஒன்பது வருஷமாக ஊரே ஊட்டி வளர்த்தது, முதல் உருண்டையை ஊட்டியவன் நான்.

ஜாமீனுக்கு ஆயம்மாளின் அண்ணன் கண்ணுசாமி ஒருவர். மலையில் இன்னொரு பட்டா கிடைக்காமல் அவள் அல்லாடியபோது, வடக்கனந்தலில் இருக்கும் என் நிலத்தின் பட்டாவோடு நானும் கிளம்பினேன். இருபத்தாறாம் தேதி நாலு பேரும் பஸ் ஏறினோம். ஆயம்மாள் ஒரு பையில் அவனுக்குச் சட்டையும் வேட்டியும் எடுத்துவந்தாள். வழியெல்லாம் அந்தப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. மடித்த வேட்டியை வெளியே எடுத்து மறுபடி மடித்து வைத்தாள்.

மறுநாள் காலை கோர்ட் வளாகத்தில், ஒரு புங்க மரத்தடியில் குமாஸ்தா எங்களைப் பார்த்தான். செல்வி தாளை நீட்டினாள். அவன் படித்தான். தலையில் அடித்துக்கொண்டான். பிறகு தெலுங்கில் சரசரவென்று ஏதோ சொன்னான், கடைசியில் ஒரு கேள்வி கேட்டான். 

எனக்கும் கண்ணுசாமிக்கும் ஆயம்மாளுக்கும் தெலுங்கு தெரியாது. மூன்று பேரும் செல்வியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் முகம் வெளிறிப்போய்விட்டது.

"இன்னாக்கா சொல்றாரு?"

அவள் நினைத்திருந்தால், ஜட்ஜ் லீவு என்று சொல்லியிருக்கலாம். வக்கீல் மேல் பழியைப் போட்டிருக்கலாம். எங்களில் யார் கண்டுபிடிப்பது? அந்த ஒரு நிமிஷம் அவள் மனசுக்குள் என்னென்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஜாமீன்தாரருங்க பன்னண்டாந் தேதிக்குள்ள வந்து கையெழுத்து போட்டிருக்கணுமாம். வராததால ஜாமீன் ரத்தாயிடுச்சாம். இருபத்தேழு வெறும் கேசு வாய்தாவாம். மறுபடி மனு போடணும், சங்கராந்தி லீவு முடிஞ்சிதான் எடுப்பாங்களாம்." குமாஸ்தா கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டாள். "இத ஒங்களுக்கு யாரு படிச்சி சொன்னதுன்னு கேக்கறாரு."

ஆயம்மாள் குமாஸ்தாவைப் பார்த்தாள், அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த ஆளு தப்பா படிக்கிறான்க்கா. நீ சரியாத்தான் படிச்சிருப்ப. இன்னொரு தபா படிச்சிக் காட்டு அவனுக்கு."

செல்வி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு தெலுங்கு படிக்கத் தெரியாது ஆயம்மா. பேச மட்டுந்தான் தெரியும். நானா குத்துமதிப்பா சொன்னேன்" என்று வாய்விட்டு அழுதாள். எனக்கு அங்கே நிற்கவே கூசியது. கண்ணுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட் பக்கம் நடந்துவிட்டார். ஆயம்மாள் அழவுமில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தாளை வாங்கி மறுபடி தலைப்பில் முடிந்துகொண்டு, "அவருகிட்ட யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம் ஜெயிலுக்குப் போய், அவனைப் பார்க்க மனு போட்டோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சின்னக்கண்ணு வந்து நின்றான். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். இருபத்தேழு என்று ஆயம்மாள் போனில் முன்பே சொல்லியிருந்தாள். அவளே விஷயத்தைச் சொன்னாள், செல்வியின் பெயரைச் சொல்லாமல். "தேதி மாறிப்போச்சி. பொங்க கழிச்சித்தான்" என்றாள்.

அவன் இருமினான். வலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"எம் போர்வைய நேத்தே பக்கத்துல படுக்கற ஆளுக்குக் குடுத்துட்டேனே" என்றான். "இன்னிக்கி வூட்டுக்குப் போறேன்னு சொல்லி குடுத்துட்டேன். எப்படி திருப்பிக் கேக்கறது, எனக்கு அவங்க பாஷை தெரியாதே."

செல்வி முன்னால் வந்தாள். அங்கே நின்ற வார்டனிடம் தெலுங்கில் பேசினாள். நான் அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. சண்டையில்லை, அதட்டல் இல்லை, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொன்னாள். அவன் அவளைப் பார்க்காமலே ஏதோ சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

"இன்னாக்கா சொன்னாரு?" என்றான் சின்னக்கண்ணு.

"பாக்கலாம்னு சொல்றாரு" என்றாள் செல்வி.