கேட்டுக்கு வெளியே வெல்மா

வெல்மா டக்கெட் எங்கள் கப்பல் பட்டறையில் என்னோடு நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு வெல்டிங் வைத்தவள். வர்ஜீனியா கடற்கரையில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டறைதான் பிழைப்பு. அந்தக் கப்பல்களுக்குள் இறங்க அரசாங்கத்தின் பாதுகாப்பு அனுமதி வேண்டும்.

தன் தம்பி ராயை அடக்கம் செய்த வாரம் வெல்மா குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டாள். சிறுவயதில் ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டிருந்தாள். மறைத்தால் பொய்க்காரி, சொன்னால் குடிகாரி. விடிந்ததும் பட்டறையின் பாதுகாப்பு அலுவலகத்தில் தானே போய்ச் சொன்னாள்.

அனுமதியை நிறுத்திவைத்து, பட்டறை கேட்டுக்கு வெளியே இருந்த கருவிக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். நாங்கள் உள்ளே போகும்போது நிமிர்ந்தே பார்க்கமாட்டாள்.

"என்ன, மகாராணி இன்னிக்கும் உள்ள வரலையா?" என்று எங்களோடு வெல்டிங் வைக்கும் ஆர்லோ சீண்டுவான்.

"போடா. நீ குடிச்சா பூந்தொட்டி மேல விழுவ. நான் போலீஸ்காரன் மேல போய் விழுந்துட்டேன்."

குடியை நிறுத்த அவளை அனுப்பிவைத்த ஆலோசகர் ஒரு சொட்டுகூடக் கூடாது என்றார். வாராவாரம் போய்வந்தாள். நண்டு விருந்துகளில் கோக் டம்ளரோடு உட்கார்ந்திருப்பாள். எல்லோர் கண்ணும் அந்த டம்ளரில்தான்.

ராயின் பிறந்தநாளன்று அவன் மனைவி டெஸ்ஸாவின் சமையலறையில் ஒரு கேன் பீர் குடித்தாள்.

அனுமதியைத் திருப்பித் தரலாமா என்ற விசாரணைக்கு நான் சாட்சியாகப் போனேன். காரில் டெஸ்ஸா வெல்மாவிடம் கெஞ்சினாள். "அண்ணி, அந்த பீர் விஷயம் இந்தக் காருல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயத் திறக்கமாட்டேன்."

"அஞ்சாறு வருஷத்துக்கு ஒருதரம் அனுமதிய புதுப்பிக்கறப்ப திரும்பக் கேப்பாங்க டெஸ்ஸா. ஒவ்வொரு தரமும் உன் முகத்தப் பாத்துக்கிட்டே நான் பயந்து சாகணுமா?"

நீதிபதி குரல் உயர்த்தாமல் கேட்டார். "கடைசியா எப்போ குடிச்சீங்க?"

"போன மாசம் ஐயா. தம்பி பொறந்தநாளுக்கு. ஒரு கேன்."

"குடிக்கக் கூடாதுன்னு உங்க ஆலோசகர் சொன்னது தெரியும்தானே?"

"தெரியும் ஐயா."

உண்மை சொன்னதைப் பாராட்டித்தான் தீர்ப்பு எழுதினார். ஆனாலும் அனுமதி கிடைக்கவில்லை. வேலையும் போனது.

இப்போது நண்டுப் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறாள், பாதிச் சம்பளத்துக்கு. தீர்ப்பு வந்து ஒரு வருஷம் ஆனதும் அனுமதியை மறுபடி கேட்கலாம்; அந்த வருஷமும் முடிந்துவிட்டது. எங்கள் மேஸ்திரி பரிந்துரைக்கத் தயார். அதை அவளிடம் சொல்லத்தான் போயிருந்தேன். அந்தக் கேனுக்குப் பிறகு அவள் தொட்டதேயில்லை.

வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொன்னாள். "எனக்காகக் குடிக்காம இருக்கேனா, அவங்களுக்காக இருக்கேனான்னே தெரியல. மேஸ்திரிய கேக்கச் சொல்லு."

கேட்டிருக்கிறார். அரசாங்கத்திடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.