ருசி பார்ப்பது தின்பதாகாது

பாதாம், முந்திரி, வேர்க்கடலை வறுத்து விற்கிற எங்கள் கடையில், வறுப்பவரை எல்லோரும் முந்திரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வறுக்கும் இயந்திரத்தின்மேல் குனிந்து குனிந்தே முதுகு முந்திரிப் பருப்பு மாதிரி வளைந்துவிட்டது. உடம்பு மட்டும் மூட்டை. இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே அவர் புகுந்துவிட்டால் வேறு யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. பொட்டலம் போடும் மேசையில் உட்கார்ந்தபடி நான் அவரைக் கிண்டல் செய்வேன். அவரும் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பார்.

அவருடைய தங்கச்சிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு அந்த உடம்பைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். பரிசோதனையில் அண்ணனுடையது பொருந்தியது. சட்டையைக் கழற்றிக் கொடுப்பது மாதிரி, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். முதலில் எடையைக் குறை, அப்புறம்தான் கத்தி என்றார் டாக்டர்.

என்ன சாப்பிடலாம் என்று சொல்லித்தர ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். பிஸ்கட், பன், பொரித்தது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக உப்பில்லாத பாதாமும் கடலையும் ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள், பசி அடங்கும் என்றாளாம். கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. தன் கைப்பிடி பெரிது என்று அவருக்கே சந்தேகம். அதனால் தினமும் என் கையால் அள்ளித் தரச் சொல்வார். அதையும் தராசில் நிறுத்து ஒரு குட்டி டப்பாவில் போட்டு, பதினோரு மணிக்குத்தான் திறப்பார்.

டீயில் சர்க்கரை போனது. பஸ் ஏறுவதை விட்டு வீட்டுக்கு நடந்தே போனார். ராத்திரிச் சாப்பாடு பாதியானது. எடை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. எவ்வளவு இறங்கியது என்று தங்கச்சி முதலில் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். அதுதான் அவரை அரித்தது.

அவள் புருஷன் அப்படி விடுகிற ஆள் இல்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்தார்.

"பயமா இருந்தா சொல்லிடுங்க மச்சான். நாங்க தப்பா நினைக்க மாட்டோம். வேற வழி பாத்துக்கறோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பெண்டாட்டியை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிற மனுஷனிடம் என்னவென்று சண்டை பிடிக்க? அண்ணன் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். வறுபட்டுக்கொண்டிருக்கிற பாதாம் நம் கஷ்டத்துக்காகக் காத்திருக்காது. ஒன்றை எடுத்துக் கடித்தார், உள்நிறம் பார்த்தார், மீதியை வாயில் போட்டுக்கொண்டார். சற்றுப் பொறுத்து இன்னொன்று. மொறுமொறுப்பு ஆறினால்தான் தெரியும் என்பதால் ஆறவைத்த தட்டிலிருந்தும் ஒன்று. உப்புப் போட்ட முந்திரியில் இரண்டு.

"மச்சான், இப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"நான் எங்க சாப்பிட்டேன்? இன்னும் பதினொண்ணு ஆகலையே."

டப்பாவைத் திறந்தும் காட்டினார். அது நிரம்பியே இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. எத்தனையோ வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கே அது தின்பதாகத் தோன்றியதில்லை. எங்கள் தொழிலில் ருசி பார்ப்பது கை கழுவுவது மாதிரி ஒரு வேலை.

வேன்காரர் ஒரு வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் வாயில் ஒன்று போட்டால் இவர் தட்டில் ஒன்று போட்டார். மதியத்துக்குள் தட்டில் குவிந்துவிட்டது. தராசில் வைத்துப் பார்த்தேன். டப்பாவில் இருந்ததைப்போல நாலு மடங்கு. இன்னும் பாதி நாள் மிச்சம் இருந்தது.

அண்ணன் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் கடலை மூட்டையின்மேல் உட்கார்ந்து அழுதார்.

"பயம் இருக்கு மாப்பிள்ளை, இல்லேன்னு சொல்லல. எடை இறங்காம போகப் போக, தங்கச்சிக்குக் குடுக்க எனக்கு உள்ளுக்குள்ள மனசில்லையோன்னு நானே நினைக்க ஆரம்பிச்சுட்டேன். என்னையே நான் நம்பல."

வேன்காரர் அதே மூட்டையில் ஒட்டி உட்கார்ந்து அவர் தோளில் கை போட்டார். தான் பேசியது தப்பு என்று மட்டும் சொன்னார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்த கையில் உப்பு இருந்ததால் இன்னும் எரிந்தது.

மறுநாளிலிருந்து வாயில் போட்டுப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அண்ணன் பாதாமை உடைப்பார், நிறம் பார்ப்பார், முகர்வார், என்னிடம் நீட்டுவார். இன்னும் கொஞ்சம் வறுபடணும் என்று நான் சொல்லி ஒருமுறை சரக்கு கருகியே போய்விட்டது. முதலாளி என்னை வறுத்தெடுத்தார். என் உடுப்பெல்லாம் இறுகியது, அண்ணனுடைய பெல்ட்டில் புது ஓட்டை விழுந்தது. ஒருவழியாக டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்.

அன்றைக்கு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, சரக்கைக் கிளறிக்கொண்டே தங்கச்சியிடம் தேதியைச் சொன்னார். அத்தனை மாதமும் அவளிடம் சொல்லக் கூடாது என்று அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னார்.

"எனக்கு ரொம்ப பயமா இருக்கும்மா."

"தெரியும்ணே. ஊசிக்கே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவியே. உள்ள கூட்டிட்டுப் போறவரைக்கும் உன் கையை நான் பிடிச்சுக்கறேன்."