பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்

என்னிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் மொட்டைமாடி. துணி காயப்போடும் கொடிக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் தோளோடு தோள் உரசி நிற்கிறோம். சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடிப்பதால் ஒருவர் பாக்கியில்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம். எனக்குத் தலை நிறைய முடி இருக்கிறது. எங்கள் கால்களுக்கு முன்னால் தரையில் படம் எடுத்தவரின் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. கேமராவைப் பிடித்த கைகள் இரண்டும் உயர்ந்திருக்கின்றன. ஒரு தோளிலிருந்து துணிப்பை தொங்குகிறது. இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்த நிழலைக் கவனித்ததில்லை. நான் இப்போதெல்லாம் அதை மட்டும்தான் பார்க்கிறேன்.

நாங்கள் பதிவர்கள். இணையத்தில் ஆளுக்கொரு வலைப்பதிவு திறந்து, யாரும் கேட்காமலே எழுதிக்கொண்டிருந்தவர்கள். இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், அதில் என்ன வருமானம் வந்தது என்று கேட்கிறார்கள். வருமானம் எங்கே வந்தது? பின்னூட்டம் வந்தது. அதற்காகத்தான் உயிரை விட்டோம். எல்லோர் பதிவுகளையும் ஒரே பக்கத்தில் காட்டுகிற திரட்டியில் புதுப் பதிவு ஒன்று தலைகாட்டியதும், படிக்கிறோமோ இல்லையோ, முதல் ஆளாகப் போய் 'வடை எனக்கே' என்று எழுதிவிட்டு வருவது எங்கள் சம்பிரதாயம். அம்மா இறந்துபோனதைப் பற்றி ஒருவர் எழுதியதன் கீழேயும் ஒரு புண்ணியவான் வடை கேட்டிருந்தார். அலுவலகத்தில் வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டே ஜாதி, கல்யாணம், சினிமா, சாம்பார் என்று எல்லாவற்றையும் அலசினோம். உலகம் எங்கள் கருத்துக்காகக் காத்திருப்பதாக நிஜமாகவே நம்பினோம்.

அந்தக் கூட்டத்தில் வடை கேட்காமல், முதலிலிருந்து கடைசிவரை நான் படித்த பதிவு ஒன்று இருந்தது. எழுதியவர் பெயர் ஆண் பெயர். ரிட்டயர்டு வாத்தியாராக இருக்க வேண்டும் என்று நானே முடிவுசெய்து, பின்னூட்டங்களில் 'ஐயா' என்றுதான் விளிப்பேன். சிட்லபாக்கத்தையும் அதைச் சுற்றியுள்ள புறநகர் வாழ்க்கையையும் அவர் எழுதினார். புலம்பல் இருக்காது, அந்தக் காலம்போல் வருமா என்ற பேச்சும் இருக்காது. வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள், அப்புறம்தான் பூஜை அறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள் என்று ஒரு பதிவில் எழுதியிருந்தார். வாசலுக்கு ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டு, அதன்மேல் கால் படாமல் தாண்டிப் போகிற பெண்களைப் பற்றி இன்னொன்று. காதுகுத்துக்கு வைக்கிற ஃப்ளெக்ஸ் பற்றி ஒன்று. அதில் குழந்தை சின்னதாக ஒரு மூலையில் இருக்கும், மாமன்கள் பெரிதாக இருப்பார்கள்.

எல்லோரையும் சிரிக்க வைத்தது ஏரிக்குப் பக்கத்து மனைகளைப் பற்றி அவர் எழுதியதுதான். ஏரி பார்த்த வீடு என்று சொல்லி விற்றார்கள், மழை வந்ததும் வீடு பார்க்க ஏரியே வந்துவிட்டது என்று முடித்திருந்தார். அந்த வரி மின்னஞ்சலில் எங்கெங்கோ சுற்றியது. எழுதியவர் பெயரை வழியிலேயே கழற்றிப் போட்டுவிட்டார்கள், அது எங்கள் ஊர் வழக்கம்.

கிழக்குத் தாம்பரத்தில் வங்கி அதிகாரியாக இருந்த ஒரு பதிவர், நாங்கள் 'சார்' என்று அழைப்பவர், தன் வீட்டு மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு ஏற்பாடு செய்தார். போண்டாவும் காபியும் அவர் செலவு. எல்லோரும் வந்தபின், வெளிர்பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். நாற்பது வயதை ஒட்டி இருக்கும். சாரின் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் என்று நினைத்து நாங்கள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டோம். அவர் நேராக என்னிடம் வந்தார். ப்ரொஃபைலில் என் படம் இருந்ததால் அடையாளம் தெரிந்திருக்கிறது.

"நான்தான் தம்பி அந்த ஐயா" என்றார்.

அவர் துணிப்பையிலிருந்து சப்போட்டாப் பழங்களை எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "நம்ம வூட்டு மரம். கூச்சப்படாம சாப்புடுங்க" என்றார். அன்றைக்கு ஆரம்பித்து அவர் எனக்கு அக்கா.

அக்கா ஏரிக்கரைப் பழைய தெருவில் ஒரு குடும்பத்தின் மருமகள். அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பக்கத்தில் நிறைய நிலம் இருந்தது. இப்போது அது மனைகளாகவும் வாடகைப் போர்ஷன்களாகவும் மாறியிருந்தது. மனை விற்கிற தொழிலைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய கொழுந்தனார். வீடு பார்க்க வருகிறவர்களுக்குச் சாவி கொடுத்துச் சுற்றிக் காட்டுவது அக்காவின் வேலை. பையனுக்காக வாங்கிய கம்ப்யூட்டரில், அவன் பள்ளிக்கூடம் போனபிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இத்தனை காலமாக வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஏரி பார்த்த வீடு கொழுந்தனார் விற்ற மனைதான் என்று அவர் சொன்னதும் மாடியே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியபின் அவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

"தோ பாருங்க. இன்னிக்கு நான் வந்தத யாரும் எழுதக் கூடாது. என் போட்டோ வேணாம். வூட்ல தெரிஞ்சா அவ்ளோதான், என்னால எழுத முடியாது. வேற ஒண்ணும் எனக்கில்ல, இது ஒண்ணுதான் கீது."

எல்லோரும் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினோம். படம் எடுக்கிற நேரம் வந்தபோது, அக்காவே சாரின் கேமராவை வாங்கிக்கொண்டு எதிரே போய் நின்றார். நகருங்க, இன்னும் ஒட்டி நில்லுங்க, மூஞ்சிய காட்டுங்க என்று எங்களை அதட்டி அந்தப் படத்தை எடுத்தார்.

பதிவர் சந்திப்பு முடிந்தால் அதைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும் என்பது இன்னொரு சம்பிரதாயம். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் யார் முந்தி எழுதுவது என்று போட்டி நடக்கும். 'வந்திருந்தவர்கள்' என்று தொடங்கி, பெயர்களை வரிசையாகப் போட்டு, போண்டாவின் சூடுவரை விவரிப்பார்கள். யாரும் வாக்குத் தவறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அக்காவின் பெயரோ புனைபெயரோ எதிலும் இல்லை. எல்லா அறிக்கையிலும் கடைசி ஆளாக 'பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்' என்று இருந்தது. ஆனால் எழுதுகிறவன் கையைக் கட்டிவைக்க முடியுமா? மனம் நிறைந்துபோய் ஆளுக்கு ஒரு துளியைச் சிந்திவிட்டார்கள். ஒருவர், நாம் ஐயா என்று நினைத்தவர் ஓர் அம்மா என்று எழுதினார். ஒருவர் சப்போட்டாவின் தித்திப்பைப் பற்றி ஒரு பத்தியே எழுதி, அது ஏரிக்கரை வீட்டு மரத்தின் பழம் என்றார். இன்னொருவர், நிலத்தோடு வாழ்ந்த குடும்பத்தின் மருமகளுக்கு இத்தனை நகைச்சுவை எப்படி வாய்த்தது என்று வியந்தார். தனித்தனியே பார்த்தால் ஒன்றிலும் குற்றமில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் வீட்டு எண் ஒன்றுதான் பாக்கி.

நான் எழுதவில்லை. அக்கா கேட்டுக்கொண்டதை அப்படியே காப்பாற்றினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஏரி வரியை எழுதியது யாரென்று கொழுந்தனார் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். மனை வாங்க வந்தவர்கள் அந்த வரியைச் சொல்லிக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னால் அவருக்கு எரியாதா? யாரோ அறிக்கைகளையும் அவருக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள். அவர் அந்த வீட்டுச் சப்போட்டாவைச் சின்ன வயதிலிருந்து தின்கிறவர். ஒரு நாள் காலை அலுவலகத்தில் அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். அப்படி ஒரு வலைப்பதிவு இல்லை என்று வந்தது. முகவரியைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். திரட்டியில் பழைய தலைப்புகள் மட்டும் மிச்சமிருந்தன, தட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை. யாராவது சேமித்து வைத்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். ஒருவரும் சேமித்து வைக்கவில்லை. நெட்டில் இருப்பது எங்கே போய்விடப்போகிறது என்ற தைரியம்தான். கொஞ்ச நாளில் திரட்டியும் மூடிப்போனது. நாங்களும் ஃபேஸ்புக், அது இதென்று சிதறினோம்.

பல வருஷம் கழித்து, பள்ளிக்கரணைப் பக்கம் குடிபோய்விட்ட நான், மகளை ஒரு வகுப்பில் விட்டுவிட்டு சிட்லபாக்கம் ஏரியின் நடைபாதையில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே புடவைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு அக்கா வந்தார். இளைத்திருந்தார். பார்த்ததும் சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு எல்லாத்தையும் ஒரே நாள்ல படிச்சாரு. நடு நடுவுல சிரிச்சாரு தம்பி, நான் பார்த்தேன். படிச்சு முடிச்சிட்டு, நல்லாத்தான் எழுதிகீற, ஆனா நம்ம வூட்டு சமாச்சாரம் ஊருக்கு எதுக்குன்னாரு. அழிச்சிருன்னு சொல்லல. நீயே பார்த்துக்கோன்னு சொல்லிட்டாரு. அதான் பேஜார். திட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன்."

அந்த அறிக்கைகளை எழுதியவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது என்றேன். அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"எனக்கு இல்லயே. அதெல்லாம் படிச்சு அழுதேன் நான், சந்தோஷத்துல. கல்யாணப் பத்திரிகையத் தவிர என்னைப் பத்தி யாரு எழுதிகீறாங்க? சப்போட்டாவப் பத்தி எழுதினாரே ஒருத்தரு, அத மட்டும் பிரிண்ட் போட்டு வெச்சிகீறேன்." குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினார். "நீ மட்டும்தான் எழுதல."

"நீங்கதானக்கா எழுத வேணாம்னு சொன்னீங்க."

"சொன்னேன். யாரு இல்லேன்னது?" என்று சிரித்தார். "ஆனா நீதான் என் எழுத்த ஒழுங்கா படிக்கிறவன். நேர்ல பார்த்துட்டு நீ இன்னா நெனச்சேன்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு. என் பக்கத்த அழிச்சப்புறமும் ரொம்ப நாளு உன் பக்கத்தத் தொறந்து தொறந்து பார்த்துகினே இருந்தேன்."

மகளின் வகுப்பு முடிகிற நேரம் என்று எழுந்துகொண்டேன். இப்போதாவது எழுதுகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பெஞ்சிலேயே வாயால் சொல்லியிருந்தாலும் போதும். திரும்ப எழுத ஆரம்பியுங்கள் என்று அறிவுரைதான் சொன்னேன். "இப்ப யாரு தம்பி படிக்கிறாங்க, எல்லாம் வீடியோ பார்க்கிறாங்க" என்று கையை ஆட்டிவிட்டு நடந்து போனார்.

இந்த வருஷம் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், தெருமுனையில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். அக்கா. யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று போட்டிருந்தது. கீழே வட்ட வட்டமாக உறவுக்காரர்களின் முகங்கள். கொழுந்தனார் என்று போட்டிருந்தவர் காதில் செல்போனை வைத்தபடி, அக்காவைவிடப் பெரிதாக இருந்தார். காதுகுத்து ஃப்ளெக்ஸைப் பற்றி அக்கா எழுதியது நினைவுக்கு வந்து, அந்த இடத்தில் நின்று சிரித்துவிட்டேன். சிரித்தது அழுகையாக மாறியதைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்து, வேண்டியவங்களா சார் என்று கேட்டார். என்ன சொல்ல? இவர் எழுதுகிறவர் என்று அந்தத் தெருவில் யாரிடம் சொல்வது? ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

நான் இன்னும் இணையத்தில்தான் எழுதுகிறேன். சந்தா கட்டுகிறவர்களுக்கு மின்னஞ்சலில் போகிறது, கொஞ்சம் பேர் படிக்கிறார்கள். ஊரைப் பற்றி எது எழுதினாலும் அக்காவின் சாயல் எங்கேயாவது வந்துவிடுகிறது. அதை யாரிடமாவது காட்டி இது இவருடையது என்று சொல்ல, அவருடைய ஒரு வரிகூட என்னிடம் முழுசாக இல்லை. மேலே நான் சொன்னதெல்லாம் ஞாபகத்திலிருந்து சொன்னது. அவர் இதைவிட நன்றாக எழுதியிருந்தார். புனைபெயரை மட்டும் இப்போதும் சொல்லப்போவதில்லை. அவர் தானாக விட்டுக்கொடுக்காத ஒன்று அதுதான்.

புகைப்படத்தை மறுபடி பார்க்கிறேன். அதில் அக்கா இல்லை, ஆனால் நாங்கள் அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் மற்றவர்களைவிட அகலமாகச் சிரிக்கிறேன். அந்த முகத்தை அன்றைக்கே அவர் கேமரா வழியாகப் பார்த்திருப்பார் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன். அவர் கேட்டது அந்த முகத்தை அல்ல, நாலு வரியை. அதை இப்போது எழுதுகிறேன், அறிக்கைகள் தொடங்குகிற மாதிரியே.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பதிவர் சந்திப்பு நடந்தது. போண்டா சூடாக இருந்தது, சப்போட்டா தித்திப்பாக இருந்தது. எங்கள் எல்லோரையும்விட நன்றாக எழுதுகிற ஒருவரை நான் அன்றைக்கு நேரில் பார்த்தேன். அக்கா வந்திருந்தார்.