வெறுங்கால் சாமி

போன வாரம் மகள் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். திறந்ததும் புது ரப்பர் வாசனை. உள்ளே ஒரு ஜோடி ஷூ. அதை ஷூ என்று சொல்லலாமா என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. விரல் ஒவ்வொன்றுக்கும் தனி அறை வைத்து, கையுறையைக் காலுக்குத் தைத்தது போல இருந்தது. அடிப்பாகம் ஒரு தோசைக் கனம்தான். இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம் போல.

"இதைப் போட்டுட்டு ஓடுனா வெறுங்கால்ல ஓடற மாதிரியே இருக்குமாம்ப்பா."

"அதுக்கு வெறுங்கால்லயே ஓடிறலாமே கண்ணு?"

"நம்ம துடியலூர் ரோட்டுலயா?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. உடைந்த பாட்டிலும் ஜல்லியும் கிடக்கிற ரோட்டில் வெறுங்காலோடு ஓடு என்று எதிரிக்குக்கூட நான் சொல்லமாட்டேன்.

அந்த ரப்பர் வாசனை மட்டும் அன்று முழுக்க மூக்கைவிட்டுப் போகவில்லை. எனக்கு முதல் வேலை கிடைத்த புதிதில் அப்பா பவானிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என்னைக் கடைவீதிக்குக் கூட்டிப்போய் ஓடுகிற ஷூ வாங்கித் தந்தார். கடைக்காரர் எடுத்துப்போட்ட ஒவ்வொன்றையும் திருப்பி, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். "இன்னுங் கனமா இருந்தா எடுங்க" என்றார். கடைசியில் கிடைத்ததைப் போட்டு நின்றபோது நான் ஒரு செங்கல் உயரம் வளர்ந்திருந்தேன். அப்பாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

அவருக்குக் காலில் போடுவது எதுவானாலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது சட்டையில் கசங்கல் இருக்கும், செருப்பில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. சனிக்கிழமை சாயங்காலமே எண்ணெய் போட்டுத் துடைத்து, எங்கள் எல்லாருடைய செருப்பையும் சுவரோரம் வரிசையாக வைத்துவிடுவார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. சிலருக்கு மீசை, அப்பாவுக்குச் செருப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

எனக்கு வேலை ஒரு பம்பு மோட்டார் கம்பெனியில், டெஸ்டிங் செக்‌ஷனில். தண்ணீரை இறைத்து அதே தொட்டியில் விட்டு, மறுபடி அதையே இறைக்கிற வேலை. ஓடுவது ஒன்றுதான் எனக்கு உருப்படியாக வரும். பாட்டு வராது; மாதா கோயில் பாடகர் குழுவில், "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் துடியலூரில் ரூம் எடுத்த மறுநாளே, ரயில் தண்டவாளத்தை ஒட்டிப் போகிற மண்பாதையில் அப்பா வாங்கிக்கொடுத்த ஷூவோடு ஓட ஆரம்பித்தேன். சில மாதத்தில் வலது முட்டி வலித்தது. அப்புறம் இடதும். படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "ஓட்டத்தை விட்ருங்க, நடந்தாப் போதும்" என்றார். இருபத்துநாலு வயதில் அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ரூமுக்கு வந்து ஷூவைக் கழற்றாமலே கட்டிலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனில், நான் சேர்ந்த சமயத்திலேயே சேர்ந்தவர் குமரேசன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், என் வயதுதான். பள்ளிக்கூடத்தில் வாய்க்கால் மேட்டில் ஓடியே மெடல் வாங்கியவர். டாக்டர் சொல்லியும் ஓட்டத்தை விடமுடியாமல் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் காலையில் கூடவே வந்தார்.

"ஏனுங்க, நீங்க வாரது எனக்கு அரை பர்லாங்கு முன்னாலயே கேக்குதுங்க. டொம்மு டொம்முன்னு குதிகால்லயே வுளுவறீங்க."

"ஷூ மெத்துனுதான் இருக்குதுங்க."

"மெத்துனு இருக்கறதுனாலதான் கண்ணாபின்னான்னு வுளுவறீங்க. ஒரு நாளைக்குக் கழட்டிப்போட்டு வாங்க. கொஞ்ச தூரம் போதும்."

கழற்றிவிட்டு ஓடினேன். முதல் சிறு கல்லிலேயே கால் தானாகச் சுருங்கிக்கொண்டது. குதிகாலைத் தரையில் அடிக்க முடியவில்லை, வலித்தது. அதனால் பாதத்தின் முன்பக்கம் முதலில் பட்டது, எடுத்துவைக்கிற எட்டு சின்னதானது, முட்டி லேசாக மடங்கியே இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, காலே செய்தது. எனக்கே என் சத்தம் கேட்கவில்லை. மறுநாள் கெண்டைக்காலைத் தொடமுடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்வத்தில் நான் ஊர் எல்லைவரை ஓடியிருந்தேன். "கொஞ்ச தூரம்னு தமிழ்லதானுங்க சொன்னேன்?" என்று குமரேசன் சிரித்தார்.

அப்புறம் பொறுமையாக, வாரத்துக்குக் கொஞ்சம் என்று கூட்டினேன். பனிக்காலத்து மண் காலையில் ஈரத்துணி போலச் சில்லென்றிருக்கும். எங்கே மணல், எங்கே களி, எங்கே எறும்புப் புற்று என்று பாதத்துக்கு மனப்பாடம் ஆனது. விரல்கள் விரிந்து பழைய செருப்புக்குள் நுழைய மறுத்தன. முட்டி வலி எந்த நாளில் போனது என்று தெரியவில்லை. ஒருநாள் படியிறங்கி வந்தபிறகுதான் கம்பியைப் பிடிக்கவில்லை என்று கவனித்தேன். எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்லவரவில்லை. எனக்கு ஒத்துவந்தது.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பாதை முடிகிற இடத்தில் சரசக்கா டீக்கடை. அது கார்த்திகை மாதம். வெறுங்காலோடு, நாலு நாள் தாடியோடு போய் நின்ற என்னைப் பார்த்ததும் சரசக்கா எழுந்துவிட்டார்.

"வாங்க சாமி. கன்னிச் சாமிங்களா?"

திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. "இல்லீங்கக்கா, நான்..." என்பதற்குள் தம்ளரைச் சுடுதண்ணியில் இரண்டு தடவை கழுவி டீயைக் கொடுத்துவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். ஒருவர் பீடியை அணைத்தார். ஞானஸ்நானப் பெயர் சூசை என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? டீயும் நன்றாக இருந்தது. மார்கழி போனது, தை போனது, மாசியும் வந்தது. சபரிமலைக்குப் போகாமலே நான் சாமியாகவே இருந்தேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். பூசை முடிந்து, அவரை டீ குடிக்கக் கூட்டிப்போனேன். அன்று காலில் செருப்பு போட்டிருந்தும் சரசக்கா, "வாங்க சாமி, அப்பாருங்களா?" என்றார். அப்பா டீயைக் குடித்து முடித்தார். பாதைக்கு வந்ததும் நின்றார்.

"எதுக்குக் கண்ணு உன்னையச் சாமிங்கறாங்க?"

சொன்னேன். முட்டி, டாக்டர், குமரேசன், வெறுங்கால், எல்லாம். அப்பா முதலில் சத்தமாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"எங்களையெல்லாம் வெறுங்காலோட பாத்து யாருஞ் சாமின்னு சொல்லலியே கண்ணு."

தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் பண்ணையத்தில் வேலை பார்த்த காலத்தில், ஊர்க்காரர்கள் தெருவுக்குள் போனால் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான வருஷம் புதுச் செருப்பு வாங்கினார். ஒருநாள் கழற்றாமல் நடந்தார். "கழட்டுன்னாங்க. கழட்டல. அப்பறம் அந்த ஊர்ல எனக்கு வேலை இல்ல." அப்படித்தான் அவர் மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் காவல்காரராக வந்ததும், நாங்கள் அங்கே பிறந்ததும். இது எனக்கு அதுவரை தெரியாது.

கோபமாகப் பேசவில்லை. பஸ் ஏறும்போது என் காலைக் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான்.

பங்குனியில் கம்பெனிகளுக்கிடையே ஓட்டப்போட்டி வந்தது. ஐயாயிரம் மீட்டர், கோயமுத்தூரில் ஒரு காலேஜ் மைதானத்தில். அப்பாவை வரச்சொல்லியிருந்தேன். அவர் பார்க்க நான் வெறுங்காலோடு நிற்பதா என்று யோசித்து யோசித்து, அந்தச் செங்கல் ஷூவையே போட்டுக்கொண்டு போனேன். குமரேசன் பார்த்துவிட்டு, "முட்டி போயிருமுங்க" என்றார். நான் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் அப்பா வேலியோரம் வந்து கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஷூ போட்டா வலிக்கும்னியே?"

"ஒரு நாளைக்குத்தானுங்கப்பா. பரவால்லீங்க."

"எனக்காகப் போட்டியாக்கும்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"என்னைய ஊரு கழட்டச் சொல்லுச்சு. உன்னைய உன்ற முட்டிதானே சொல்லுது? கழட்டு. கழட்டி இங்க குடு."

கொடுத்தேன். ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் அவரைப் பார்த்தேன். முன்வரிசையில், பக்கத்து நாற்காலியில் ஒரு விருந்தாளியை உட்கார வைத்தது போல என் ஷூவை வைத்துக்கொண்டு இருந்தார். யாரோ அந்த நாற்காலியைக் கேட்க, "ஆளு இருக்குதுங்க" என்று கைகாட்டினார். நான் மூன்றாவதாக வந்தேன். முட்டி வலிக்கவில்லை. அப்பா மெடலைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். துண்டை எடுத்து, என்னை உட்காரச் சொல்லி, காலில் ஒட்டிய மண்ணைத் துடைக்கக் குனிந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். "காட்டுடா, முள்ளுக்கிள்ளு ஏறிருக்குதான்னு பாக்கறேன்" என்று அதட்டினார்.

அந்த மண்பாதை இன்றைக்கு இல்லை. வீட்டுமனைச் சைட்டு போட்டு, தார் போட்டு, அதன்மேல் சிமெண்டுக் கல்லும் பதித்துவிட்டார்கள். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. சரசக்கா மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் யார் என்று கடைசிவரை அவரிடம் சொல்லவே இல்லை. குமரேசன் ஊருக்கே திரும்பிப்போய் கோபியில் தோப்பு பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கும் வாய்க்கால் மேட்டில் ரோடு வந்துவிட்டதாம். இதையெல்லாம் நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

போன பொங்கலுக்கு அப்பாவையும் மகளையும் காரில் அழைத்துக்கொண்டு அந்தப் பண்ணைய ஊர் வழியாக வந்தோம். அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். தெருமுனையில் இறங்கி, தடியை ஊன்றிக்கொண்டு, டப்பு டப்பென்று ரப்பர் செருப்புச் சத்தத்தோடு நடுத்தெருவில் நடந்தார். மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள். ஒரு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு போன் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் தலையைத் தூக்கினார்.

"யாரைப் பாக்கணுமுங்க?"

"யாரையும் இல்லீங்க தம்பி. சும்மா நடந்துபோட்டுப் போலாம்னு வந்தமுங்க."

"செரிங்க, பாத்துப் போங்க. அங்க குழி தோண்டியிருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்தார்.